நான்காம் தாள்

ஏலத்தில் எடுத்த வீடு.
ஜெலுத்தோங், ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை.
வங்கி கொடுத்த சாவி பூட்டில் சேரவில்லை,
ஆள் வைத்து உடைத்துத்தான் உள்ளே போனோம்.
சன்னல் கண்ணாடி முழுக்க
ஒட்டுநாடா விட்டுப்போன பசைக்கோடுகள்.
முதல் வாரம் அதைச் சுரண்டியே
ஒரு பாக்கெட் பிளேடு தீர்ந்தது.
பிறகு வெள்ளை அடித்தோம், இரண்டு பூச்சு.

பதினோராம் நாள்
தேவசீலனின் சட்டைக் காலரில் ஒரு கறுப்பு.
தேய்த்தேன், நீண்டது.
அப்புறம் தயிரில். தலையணையில்.
பல் துலக்கும் பிரஷ்ஷில்.

நான் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில்
துகள் எண்ணுகிறவள்.
கண் மட்டும் தெரியும் உடுப்பில் பன்னிரண்டு மணி நேரம்.
அங்கே ஒரு கன அடிக் காற்றில்
பத்துக்கு மேல் போனால் லயனை நிறுத்துவார்கள்.
வீட்டுக்கு வந்து மூக்குச் சிந்தினால்
கைக்குட்டையில் மை.

"கீழே ஓடுகிற பஸ்" என்றார் இவர்.
"சுமத்ராவில் காடு எரிகிறதாம்" என்றாள் நாத்தனார்,
வானம் அன்றைக்குக் கழுவி வைத்த தட்டு.
நான் எதிர்வீட்டைப் பார்த்தேன்.
ஏழாம் மாதம். குவாட் ஹூன் ஆன்ட்டி
நடையோரம் பிஸ்கட் டின்னில்
செத்தவர்களுக்குப் பணம் எரித்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சொன்னேன்.
கொஞ்சம் குரலை உயர்த்தித்தான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு
ஐந்து மாடி இறங்கினார்,
படிக்கு ஒரு கால், அதே படிக்கு மறு கால்.

கரி நிற்கவில்லை.

வேலையில் செய்வதை வீட்டிலும் செய்தேன்.
ஏழு வெள்ளைத் தாள், ஏழு இடம்,
மூலையில் தேதி, மணி.
அடுப்படி சுத்தம்.
குளியலறையில் பல்லி எச்சம், அது கணக்கில் சேராது.
சாமி மேடையில் மூன்று புள்ளி
(இவரிடம் இரண்டு என்றேன்).
கூடத்தில், விசிறிக்கு நேர் கீழே, நான்காம் தாள்:
மிளகுத் தூள் கொட்டியதுபோல்.
விசிறி ஓடாத இரவில் ஒன்றுமில்லை.
ஐந்தில் வைத்த இரவில்
எழுதின தேதியே தெரியவில்லை.

மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் நான்.
விசிறியின் கிண்ணத்தை இறக்கிவிட்டு
தண்டு நுழையும் ஓட்டையில் விரல் விட்டேன்.
பூனை முதுகு.
பலகையை நகர்த்தினால்
கூரைக்கு அடியில் அங்குல கனத்துக்கு இருட்டு.
எட்டும் தூரத்தில் ஒதுக்கி வைத்த பால் டின்,
வாயில் கம்பி கட்டி, தொங்கவிட வாகாக.
விசிறியிலேயே மாட்டியிருப்பார்கள்.
சுற்றாத விசிறிதானே.
டின்னின் அடியில் சிவப்பு மெழுகு.

நாற்காலியில் நின்றபடியே
சன்னலைப் பார்த்தேன்.
வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க
நாலு ஓரமும் தாள் ஒட்டி,
தங்கள் வீட்டிலேயே
ஒளிந்து குடியிருந்திருக்கிறார்கள்.

டின்னோடு போய் எதிர்க்கதவைத் தட்டினேன்.
மன்னிப்புக்கு மலாயில் ஒரு வாக்கியம் கோத்து வைத்திருந்தேன்.
சொல்ல விடவில்லை, டின்னை வாங்கிக்கொண்டார்.
நகத்தால் சிவப்பைக் கீறிப் பார்த்தார்.
"இது என்னுடையது" என்றார்.
"கரண்ட் வெட்டி மூன்று மாதம்.
கதவடியில் கோடாக வெளிச்சம் வரும்.
பையனுக்குப் பரீட்சை.
சாமிக்கு வாங்குவதில் பாதி இங்கே வந்தது.
கெசியான்."

அவர்கள் பெயரென்ன என்றேன்.
உன் ஏலத் தாளில் இருக்குமே, என்றார்.
இருந்தது. கோகிலவாணி.
விலைக்கு மூன்று வரி மேலே.
அந்தத் தாளை நான் எத்தனையோ முறை
விலையிலிருந்துதான் படித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கீழே போய்
பிஸ்கட் டின்னை நான் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
ஆன்ட்டி பின்னால், கைப்பிடியைப் பற்றியபடி.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் காற்று அடித்தது.
மூடி இல்லை.
உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.