கூடுதலாக ஒரு விலா

முதலில் தொலைந்தது ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி.
கோப்பாய்ச் சந்தியில் மிச்சக்காசு நீட்டிய கையிலிருந்து
அது நழுவியதை நான் உணரவில்லை.
பஸ்ஸின் தகரத்தில் விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன்.

ஒரு மாதத்தில் சின்னவிரல் ஊமையாயிற்று.
பக்கத்து விரலில் பாதி,
சரியாகப் பாதி,
யாரோ அடிமட்டம் வைத்துக் காணியெல்லை கீறியதுபோல்.

நீர்வேலியில் பரிசோதகர் ஏறினார்.
நூற்று நாற்பது ரூபாய் குறைவு.
"எமிலியானுஸ், கை நீளமோ?"
நீளமில்லை ஐயா, விறைப்பு என்றேன்.
முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள்.

மனைவி இரவில் விரலுக்குச் சித்தாலேப தேய்த்தாள்.
விரல் மணத்தது.
அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் குளிரூட்டிய சின்ன அறை.
றிஹானா என்ற பிள்ளை முழங்கையில் மின்சாரம் தட்டினாள்.
மூன்று மாதம் என்னோடு கதையாத விரல்
அவளுடைய வயருக்கு உடனே துள்ளிப் பதில் சொன்னது.
எனக்கு வெட்கமாகவும் இருந்தது,
கொஞ்சம் பொறாமையாகவும்.

"கையிரண்டையும் உயர்த்துங்கோ" என்றார் டொக்டர்.
"மூண்டு நிமிசம். விரலை மூடி மூடித் திறவுங்கோ."
இந்தக் கட்டளைக்கு என் கைகள் பழையவை.
இருபது வயதில் வீதித் தடைகளில்
இதைவிட நீண்ட நேரம் உயர்ந்து நின்றவை.
அங்கே ஒருவரும் கேட்கவில்லை,
விறைப்பு எந்த விரலில் தொடங்குகிறது என்று.
இவர் கேட்டார்.
ஒரு நிமிடம் முடியுமுன் வலக்கை தானாக விழுந்தது.

என் சட்டைப்பையிலிருந்த ரிக்கற் தாளின் பின்பக்கத்தில்
அவர் கீறிக் காட்டினார்:
கழுத்திலிருந்து ஐந்து வேர் இறங்கும்,
ஐந்தும் மூன்றாகும்,
மூன்றும் பிரிந்து, பின்னி, ஆள்மாறி,
காறையெலும்புக்குக் கீழால் கைக்குப் போகும்.
மேலே அவர் சொல்லத் தேவைப்படவில்லை.
காலை ஆறரைக்கு யாழ்ப்பாண பஸ் ஸ்ரான்டில்
இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான்.
பருத்தித்துறைக்கு பஸ் வரவில்லையென்றால்
பழுது பருத்தித்துறையில் இருக்கத் தேவையில்லை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
கழுத்தின் அடியில், வலப்பக்கம்,
கணக்கில் இல்லாத ஒரு விலா.
பிறந்த நாளிலிருந்தே கூட வந்திருக்கிறது,
ரிக்கற் எடுக்காமல்.
கை மேல்கம்பியைப் பிடிக்கும் போதெல்லாம்
நரம்பை அதன்மேல் வளைத்து நெரித்திருக்கிறேன்,
ஒரு நாளைக்கு எட்டுத் தரம்,
போக வர.

ஆதாமிடம் எடுத்ததை எனக்கு வைத்துவிட்டார்போல என்றேன் வீட்டில்.
அவள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.
"அதாலை வேறை ஒருத்தியையும் செய்யேல்லைத்தானே,
அது போதும்."
பிறகு கத்தியைக் கழுவிவிட்டு வந்து
முதற்தடவையாக
என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
விரலை அல்ல.

சத்திரசிகிச்சைக்குத் திகதி இன்னும் வரவில்லை.
விறைத்த விரல் முழுதாகத் திரும்புமா என்று கேட்டதற்கு
டொக்டர் உடனே பதில் சொல்லவில்லை.
நல்ல மனுசன்.
இப்போது இருக்கையில் இடுப்பைச் சாய்த்து நிற்கிறேன்.
இடக்கை காசெண்ணப் பழகுகிறது, பிழைவிட்டு.
கம்பியில் தொங்கும் கைகளைப் பார்க்கிறேன்:
தாதி, கச்சான்காரி, ரியூசன் பிள்ளைகள்,
ஒவ்வொரு கக்கத்துக்கு மேலும்
ஒரு நெரிசலான சந்தி.

நேற்று வல்லைவெளிக் காற்றில்
சீமெந்து படிந்த பெடியன் ஒருவன்
கையை உதறிக்கொண்டே வந்தான்.
"எந்த விரல்?" என்றேன்.
முழித்தான். பெருவிரலைக் காட்டினான்.
"அது வேறை றூட் தம்பி."
விசரன் என்று நினைத்திருப்பான்.
நெல்லியடிக்கு எடுத்த ரிக்கற்றோடு
ஆஸ்பத்திரியடியில், மந்திகையில்,
மிச்சத்தைத் தந்துவிட்டு இறங்கினான்.