மேற்படியாரைப் பற்றி ஒரே சொல்லில்

படிவத்தைத் தோர்ஃபின் ரெண்டலே கொண்டுவந்து தந்தான்.
தெற்கே ஏதோ பெரிய துறைமுகத்தில்
வேலை கேட்டிருக்கிறான்.
"சனிக்கிழமைக்குள் தபாலில் போட்டுவிடுவாய்தானே?"
போடுவேன் என்றேன்.

முதல் கட்டத்தில் அவனைப் பற்றி ஒரே சொல்.
அடுத்த கட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு.

நான் கப்பல் தளத்தில் நின்று கயிறு எறிபவள்.
அவன் வெஸ்ட்ரே தீவின் துறையில் நின்று பிடிப்பவன்.
காலை ஏழு நாற்பது, மாலை ஐந்து பத்து,
பதினோரு ஆண்டு.
நாங்கள் பேசியதையெல்லாம் கூட்டினால்
ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

'ரிலையபிள்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அது சலவை இயந்திரத்துக்குச் சொல்வது.
தன் கணவனைப் பற்றி வேறெதுவும் தோன்றாமல்
என் அக்கா சொல்லிக்கொண்டிருந்தது,
விவாகரத்துக்கு முந்தைய வாரம் வரை.
அந்தச் சொல்லைப் பாராட்டாக வாங்கிக்கொண்ட
ஒருவரையும் நான் பார்த்ததில்லை.
நன்றி என்பார்கள்,
முகம் ஒரு சுற்று இளைத்துவிடும்.

'டிபெண்டபிள்'.
அகராதியைப் புரட்டினால், அதன் வேரில்
தொங்குதல் இருக்கிறதாம்.
தொங்கினாலும் அறுந்துவிடாத ஆள்.

பேனாவை வைத்துவிட்டேன்.
எறிகயிறு ஞாபகம் வந்தது.
என் கையை விட்டுப் போய்
அவன் கைக்குப் போய்ச் சேராமல்
ஒரு நொடி அந்தரத்தில் இருக்கும்.
அந்த நொடியில்
எண்ணூறு டன் இரும்பு,
பதினாறு பயணிகள்,
லாரிக்குள் கத்திக்கொண்டிருக்கும் ஆடுகள்,
எல்லாம் எதில் தொங்குகின்றன?
யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.
பைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எடுத்துக்காட்டு.
போன ஜனவரியில் அவனுக்குச் சிறுநீரகக் கல்.
கிர்க்வால் மருத்துவமனையில் அவன்,
துறையில் அவன் அண்ணன் மகன்.
பத்தொன்பது வயது, நல்ல பையன், நீளமான கை.
முதல் கயிறு தண்ணீரில் விழுந்தது.
சுருட்டி எறிந்தேன், மறுபடி தண்ணீர்.
மூன்றாவது தடவை
கேப்டன் ஜன்னலைத் திறந்து பையனைத் திட்டினார்.
காது சிவக்க நின்றான்.

எட்டு மணிக்கு என் போன் அடித்தது.
"காற்று மேற்கே இருந்தா," என்றான் தோர்ஃபின்,
வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு,
"உன் கயிறு இடப்பக்கம் இழுக்கும்.
கை வலிக்கிற நாளில் குட்டையா விழும்.
பையனை ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லு."

கை வலிக்கிற நாள் அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் நன்றாக எறிபவள் என்று
கப்பலில் எல்லோரும் சொல்வார்கள்.
புதிதாய் வருகிறவர்களை
என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள்.
நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சொல்லுக்கான கட்டம் காலியாகவே இருக்கட்டும்.
அடுத்ததில் எழுதினேன்:
எனக்குக் கயிறு எறியத் தெரியாது.
பதினோரு ஆண்டாக இதை அவர்
யாரிடமும் சொன்னதில்லை.
என்னிடமும்.

கீழே கையெழுத்து, எல்ஸ்பெத் ஃப்ளெட், தளப் பணியாளர்.
உறையை ஒட்டியாயிற்று.
மூன்று நாளாக என் மழைக்கோட்டுப் பையில் கிடக்கிறது.
தபால்பெட்டியைத் தாண்டித்தான்
தினமும் வீட்டுக்குப் போகிறேன்.

நாளை சனிக்கிழமை.
மேற்கிலிருந்து காற்று வீசும் என்கிறது வானொலி.