நேராக உட்கார்ந்திருப்பவள்

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
திரும்பியவற்றைப் பிடிப்பது.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே பலகை வரும்,
ஒவ்வொரு சில்லின் மூலையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.
புள்ளி இடம் மாறியிருந்தால் சிவப்புத் தட்டு.
ஒன்பது வருடத்தில் ஒருதரம்கூட
ஏன் திரும்பினாய் என்று எதையும் கேட்டதில்லை.

முப்பத்தாறாவது வாரம்
கிளினிக்கில் மிஸ்ஸி என் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து
இது தலை, என்றாள்.
சொங்சாங் என்று மலாயில் எழுதி
புத்தகத்தில் இருந்த வெள்ளை ஸ்டிக்கரின் மேல்
மஞ்சளை ஒட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.
தலைகீழாக இருப்பதுதான் சரியாம்.
நிற்பவர்கள், தூங்குபவர்கள், டிரைவர்,
ஜன்னலோரம் டுரியான் மூட்டையோடு ஒரு சீனக் கிழவர்,
எல்லாருமே ஒருகாலத்தில் தலைகீழாகத் தொங்கியவர்கள்.
இவள் ஒருத்தி நேராக உட்கார்ந்திருக்கிறாள்.
அதற்குத்தான் மஞ்சள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுவா
இரண்டு உள்ளங்கையாலும் திருப்பிப் பார்த்தார்,
ஃபிளாட் வாசலில் பீரோவைத் திருப்புகிற மாதிரி.
கால்வாசி சுற்றினாள். நின்றாள்.
கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டாள்.
டாக்டர் சிரித்துவிட்டார்.
நானும், கண்ணில் தண்ணீரோடு.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசினார்.
மூத்தவன் சுகப்பிரசவம்,
இவள் எடை அளவாக இருக்கிறது,
கால் இரண்டும் முகத்தருகே மடங்கியிருக்கின்றன,
முயன்று பார்க்கலாம்.
கடைசியில் தலை மாட்டினால்
நமக்கு இருப்பது நிமிடங்கள்.
வெட்டி எடுத்தால் இவளுக்கு ஆபத்து குறைவு,
உங்களுக்குக் கூடுதல்.
அந்தத் தழும்பு அடுத்த பிள்ளையோடும் பேசும்.

(சுகப்பிரசவம்.
பெற்றவள் எவளும் வைத்த பெயராக இராது.)

நீங்களாக இருந்தால், என்று கேட்டேன்.
பேனாவை மூடினார். திறந்தார்.
இப்படி வருகிற பிள்ளையைக் கையால் எடுக்கத் தெரிந்தவர்கள்
இந்த மாடியில் மூன்று பேர்.
உங்களுக்கு வலி எடுக்கிற இரவில்
யார் ஷிஃப்டில் இருப்பார்கள்,
அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

அவர்கள் கொடுத்த மூன்று தாளிலும்
இது அச்சாகியிருக்கவில்லை.

தயாளன் ஜொகூரிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தான்.
தாப்பாவில் நிறுத்திப் போன் செய்தான்.
உனக்கு எது சரியோ அதைச் செய், என்றான்.
நல்லவன்தான்.
அந்தச் சரக்கையும் என் பக்கமே இறக்கிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை.
கையெழுத்துப் போட்டேன்.
துணிந்தவள் இல்லை, பயந்தவளும் இல்லை.
ஷிஃப்ட் அட்டவணை பார்த்தே பிழைத்தவள்,
அட்டவணை பார்த்து முடிவு செய்தேன்.
அன்று மாலை பேறுகால வலியை நினைத்து ஏங்கினேன் என்றால்
யார் நம்புவார்கள்?
மூத்தவனுக்குப் பதினான்கு மணி நேரம் கத்தியவள் நான்.

வியாழன், கேன்டீனில் கோகிலவாணி சொன்னாள்:
கால் முன்னால் வந்த பிள்ளை மிதித்தால்
சுளுக்கு போய்விடும்டி.
நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து
அவளுக்கு இடுப்பில் ஏழு வருடப் பிடிப்பு.
வெட்டி எடுத்தாலும் பலிக்குமாக்கா?
மீ கோரெங்கில் முள்கரண்டியைக் குத்தி வைத்துவிட்டு
உண்மையாகவே யோசித்தாள்.
ஒருதரம் மிதிக்கச் சொல்லிப் பார்ப்போமே.

இன்று ஞாயிறு.
விலாவுக்குக் கீழே, இதயம் இடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்,
தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்கிறது தலை.
மூத்தவன் தலை எனக்கு இந்த உயரத்தில் கிடைத்ததே இல்லை.
கையை வைத்தபடி படுத்திருக்கிறேன்.
விக்கல் எடுக்கிறது அவளுக்கு.