நுழைந்த தேதி

ஷார்ஜா ரோலாவில், சாயாக்கடைக்கும்
பணம் அனுப்பும் கடைக்கும் நடுவே
எட்டடி அகலம் எங்கள் டைப்பிங் சென்டர்.
பதினொரு வருடமாக
அடுத்தவர் விவரங்களை அரபியில் அடிக்கிறேன்.
பேச வராது. அடிக்க மட்டும் வரும்.

எம்.காம். படித்த பரமக்குடிக்காரர்
விசாவில் ஆடு மேய்க்கிறார்,
மூன்றாம் மாடியில் கணக்கு எழுதுகிறார்.
சம்பளம் வரம்புக்கு இருநூறு திர்ஹாம் குறைவதால்
பெண்டாட்டியை விசிட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டு
அனுப்பிவைக்கிறார் இன்னொருவர்.
அவரிடம் மட்டும் போட்டோகாப்பிக்குக் காசு வாங்குவதில்லை.

நேற்று அஸர் பாங்குக்குப் பிறகு ஹில்மி வந்தான்.
வயது தாண்டிவிட்டது,
இனி வாப்பாவின் பெயரில் இருக்க முடியாதாம்.
மொபைல் கடை ஒன்று
தன் பெயரில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது.
கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு,
உறையைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

பெயர். அடித்தேன்.
பிறந்த இடம்: ஷார்ஜா.
நாடு: இந்தியா.
நாலு லீவு, ஒரு கல்யாணம்,
ஒரு மஞ்சள் காமாலை,
அவ்வளவுதான் அவனுக்கு இந்தியா.

நுழைந்த தேதி?
"நான் நுழையலையே, ஜெனோவா அக்கா."

எனக்கு ஒரு தேதி இருக்கிறது.
மார்ச் ஒன்பது, ராத்திரி இரண்டே கால்,
கண்ணை ஸ்கேன் பண்ணும்போது சிமிட்டிவிட்டேன் என்று
மறுபடி வரிசையில் நிறுத்தினார்கள்.
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இவனுக்கு இல்லை.

காலியாக விட்டேன், கட்டம் சிவந்தது.
பூஜ்யங்கள் போட்டேன், சிவந்தது.
கடைசியில் அவன் பிறந்த நாளையே அடித்தேன்.
பச்சை டிக்.

"சரிதானே," என்று சிரித்தான்,
"அன்னைக்குத்தானே நுழைஞ்சேன்."

அடுத்த கட்டம், நுழைந்த வழி.
அம்பை அழுத்தினால் மூன்று விழும்:
விமான நிலையம், துறைமுகம், தரை எல்லை.
மூன்றையும் எட்டிப் படித்தான்.
"உம்மா இல்லையா லிஸ்ட்ல?"

நானும் சிரித்தேன். பக்கத்து நாற்காலியில்
டோக்கனோடு உட்கார்ந்திருந்த பெஷாவர்க்காரர்
ஏன் என்று தெரியாமலே சிரித்தார்.
விமான நிலையத்தில் கிளிக் செய்தேன்.
வேறென்ன செய்ய.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும்
வலமிருந்து இடமாக, வாய்விட்டுப் படித்தான்,
பத்திரிகை வாசிக்கிற வேகத்தில்.
நடுவில் நிறுத்தி விரலை வைத்தான்:
"இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

பதினொரு வருடமாக நான் விடுகிற புள்ளியாம் அது.
இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.
திருத்தி அடித்தேன், பழையதைக் கிழித்தேன்.

"எத்தனை வருஷத்துக்கு, அக்கா?"
"ரெண்டு."
"அப்புறம்?"
"அப்புறம் மறுபடி இங்கதான் வரணும்."

கடை இருந்தால்.
என் அட்டையில் அக்டோபர் வரைதான் போட்டிருக்கிறது.
அதைச் சொல்லவில்லை.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டு
அவன் பஸ்ஸுக்கு ஓடினான்,
நம்பர் பார்க்காமலே,
சரியான பஸ்ஸுக்கு.