ஐம்பத்து நாலு டிகிரி

பணகுடிக்குத் தெற்கே
எண்பத்தாறாம் நம்பர் காற்றாடியைச் சுற்றி
எங்களுக்கு ஆறு குழி உண்டு.
புல் கிடையாது.
கழிவு எண்ணெய் கலந்து உருட்டிய மணல்தான்
கொடி நிற்கிற வட்டம்.
கொடி என்பது ஒரு பழைய எர்த் கம்பி,
அதில் தங்கதுரை மகளின் ரிப்பன்.

பையில் ஒன்பது மட்டை.
பிட்சிங் வெட்ஜ் நாற்பத்தைந்து டிகிரி,
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
நூறு கெஜத்துக்கு அது போதும்.
அறுபதில் நின்றால்
அரை வீச்சா முக்காலா என்று
கையை நிறுத்தி நிறுத்தி அடிக்கிறேன்,
ரேஷன் கடைத் தராசு மாதிரி.
ஒருநாளும் எடை சரியாக விழுந்ததில்லை.

மூன்று வாங்கச் சொல்கிறது கேட்டலாக்.
ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது.
சேர்ந்து நாற்பத்து நாலாயிரம்.
எனக்கு வந்த காற்று சீசன் போனஸ் பதினோராயிரம்.
அதில் ஐந்து ஜெபக்கனியின் சீட்டுக்கு,
இரண்டு ஸ்கூட்டரின் பின் டயருக்கு.
மீதியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

ஆசை முழுக்க அறுபதின் மேல்.
வானத்தைப் பார்த்து அது
மல்லாந்து கிடக்கிற அழகில்.
தொட்டால் பந்து நெட்டுக்குத்தாக ஏறி
பனை உயரத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு
கொடியடியில் வந்து உட்காருமாம்.

உட்காரும், கார்த்திகையில்.
ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்
வாயைத் திறந்துவிட்டால்
மேலே போனது எதுவும் இந்த ஊரில்
போன இடத்தில் இறங்குவதில்லை:
கொடியில் காய்ந்த சேலை,
டீக்கடைத் தகரம்,
போன வருஷம் ஒரு கட்சிப் பந்தல் முழுசாக.

பதினாலு வருஷமாக
அந்தரத்தில் தொங்கிக்கொண்டு
இறக்கைகளின் கோணத்தைத் திருத்துகிறவன் நான்.
காற்று மிஞ்சினால் முகத்தைக் கொடுக்காதே,
விளிம்பைக் கொடு என்று
இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு
கடையில் நிற்கும்போது மட்டும்
எப்படி மறந்துபோகிறது?

தூத்துக்குடியில்
கப்பல் சாமான் விற்கிற அல்போன்ஸிடம் ஒன்று கிடந்தது.
கொரிய எஞ்சினியர் ஒருவர் விட்டுப்போனதாம்.
ஐம்பத்து நாலு.
முகத்தின் கோடுகளில் பாதி தேய்மானம்.
நாலாயிரம் சொல்லி மூவாயிரத்து நானூறுக்கு வந்தார்.
வயிறுதான் பெரிது, பதினாலு டிகிரி.
மெத்தென்ற மணலில் தோணியாய் மிதக்கும்.
எங்கள் தரையோ செம்மண்ணும் கரளும்;
வயிறு தட்டித் துள்ளி எழும்பி
பந்தின் நெற்றியில் போய் முட்டும்.

வள்ளியூர் லேத்தில் ஊய்க்காட்டான்
புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
“இது எதை வெட்டுததுக்கு?”
“ஒண்ணையும் வெட்டாம வழுக்கிட்டுப் போறதுக்கு.”
“அப்ப ரொம்ப எடுக்கப்பிடாது.”
தண்ணீர் ஊற்றி ஊற்றி
குதிகால் பக்கம் மட்டும் தேய்த்தான்.
இரும்பில் நீலம் ஏறவிடவில்லை.
நாற்பது ரூபாய்.
ஐநூறு நோட்டை நீட்டினேன்.
“சில்லறை இல்ல, பொறவு தாரும்” என்றான்.

ஞாயிறு, மூன்றாம் குழி.
அறுபத்தைந்து கெஜம், மேல்காற்று.
பந்தைப் பின்காலுக்குத் தள்ளி வைத்து
இடுப்புக்கு மேல் கை போகாமல்
ஒரே தட்டு.
உடைமரக் கிளைக்கும் கீழேயே ஓடி
ஆட்டுப் புழுக்கையில் ஒரு துள்ளு,
வெறுந்தரையில் இன்னொன்று,
கொடிக்குப் பன்னிரண்டடியில் நின்றது.

“அறுபது வாங்கியிருந்தா?” என்றான் தங்கதுரை.
“ராதாபுரம் பஸ்ஸுல ஏறித் தேடணும்.”

அந்தப் பன்னிரண்டடியை
மூன்று தட்டில் முடித்தேன்.
அது வேறு மட்டை, வேறு வியாதி.
ஊய்க்காட்டானுக்கு
நாற்பது ரூபாய் இன்னும் பாக்கி.