வீட்டைக் கடலில் இழுத்துப் போனோம்

கதவுகளைக் கயிற்றால் கட்டினோம்.
அடிச்சட்டத்தோடு காலி எண்ணெய்ப் பீப்பாய்களை
வரிந்து பிணைத்தோம்.
ஓதம் ஏறியபோது வீடு
ஒருமுறை முனகிவிட்டு மிதந்தது.
ஆறு படகுகள் முன்னால் இழுக்க
நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரமாக
ஸ்கல்லித் துறையிலிருந்து பதினொரு மைல்.
ட்ருசில்லா அலமாரியில் விட்டுவைத்த
தேநீர்க் கோப்பை ஒன்றுகூட உடையவில்லை.

அரசாங்கத் தாளில் முதலில் கையெழுத்திட்டவன் நான்.
இதைச் சொல்லிவிட வேண்டும்.
மருத்துவர் இல்லை, சாலை இல்லை,
உருளைக்கிழங்கு போட்டால் கல் முளைக்கும்.
ஜூன் மாதத்திலும் மூடுபனி
தன் வீடென்று நினைத்து உள்ளே வரும்.
கடவுள் மிச்சக் கல்லைக் கொட்டிய இடம் என்பேன்.
அல்ஃபியஸ் மட்டும் ஏழு வாரம் பேனாவைத் தொடவில்லை.
அப்படி என்னடா இருக்கிறது இங்கே என்று கத்தினேன்.
வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்
தெரியவில்லை என்றான்.

புது ஊரிலும் அதே வீடுதான்.
சமையலறை ஜன்னல்தான் மேற்கே திரும்பிக்கொண்டது.
காலை வெயில் மாடிப்படியில் விழுந்தது,
யாருக்கும் வேண்டாத இடத்தில்.
ட்ருசில்லா இருட்டில் ரொட்டிமாவு பிசைந்தாள்.
இரவில் நான் வெளியே போனால்
அங்கில்லாத ஒரு பாறைக்காக
வலது கால் உயர்ந்து
வெறுங்காற்றை மிதித்தது.

அல்ஃபியஸ் மூன்றே மாதத்தில் சரியாகிவிட்டான்.
மீன் ஆலையில் வேலை, தொலைக்காட்சி,
சனிக்கிழமைச் சீட்டாட்டம், சின்னதாகத் தொப்பை.

எனக்குத்தான்.

இங்கும் மூடுபனி உண்டு.
ஒருநாள் வழக்கம்போல் அதைத் திட்டத் தொடங்கினேன்.
பாதியில் நாக்கு கூசியது,
அடுத்தவன் பிள்ளையை அதட்டிவிட்டதுபோல்.
இந்த ஊர் என்னிடமிருந்து எதையும் எடுத்ததில்லை.
எந்த உரிமையில் திட்டுவது?
அங்கே என் சுண்டுவிரல் நுனி இருக்கிறது,
ஒரு மார்ச் மாதத்தில் கயிறு சுற்றி இழுத்தது.
தம்பி செல்பி இருக்கிறான்,
கல்லறையில் அல்ல,
துறை வாய்க்கு வெளியே நாற்பது பாகம் ஆழத்தில்.

செப்டம்பரில், மீனுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன்.
துறை வாயில் பனி.
எஞ்சினை நிறுத்தினேன். கண் எதையும் தரவில்லை.
இடப்பக்கம் தண்ணீர் பாறையில்
இருமுறை கொட்டி ஒருமுறை உறிஞ்சும் ஓசை.
கை தானாகச் சுக்கானைத் திருப்பியது.
அலை தூக்கிக் கொடுக்க
படகு உரசாமல் உள்ளே போனது.

வீடு இருந்த இடத்தில்
நான்கு மூலைக்கற்கள், நடுவில் புல்.
கரையில் நின்று
தொண்டை கிழியத் திட்டினேன்,
பனியை, கல்லை, கடலை,
ஒன்று விடாமல்.
எதிர்மலை அத்தனையையும்
என்னிடமே திருப்பிச் சொன்னது.

மீன் எங்கே என்று ட்ருசில்லா கேட்கவில்லை.
என் பூட்ஸில் ஒட்டியிருந்த பாசியை
நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.
பிறகு சொன்னாள்:
கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டணும்.
ரம்பம் யாரிடம் இருக்கிறது?