ரைட், போலாம்

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்
நின்று நின்று ஓடிய ராத்திரி.
லோடு ஏற இன்னும் ரெண்டு மணி நேரம் என்றார்கள்.
போனை மூட்டைமேல் சாய்த்து வைத்து
அந்தக் கார் ரேஸ் படத்தைப் போட்டேன்.
பத்தே நிமிஷத்தில் கேட்டுவிட்டீர்கள், போஜண்ணா:
"ஏம்ப்பா, இந்த வண்டிங்களுக்கு
வலது பக்கம் திரும்பவே தெரியாதா?"

தெரியாதுதான்.
முட்டை வடிவத்தில் ஒரு ரோடு, நாற்பது கார்,
இடது, இடது, மறுபடி இடது.
இருநூறு சுற்று சுற்றிக்
கிளம்பின கோட்டுக்கே வந்து சேர்வதற்கு
ஊரே எழுந்து நின்று கத்துகிறது.
"செக்குமாடு தேவலை, எண்ணெயாவது வரும்"
என்று சொல்லிச் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டீர்கள்.

கதை பெரிதாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.
கதாநாயகனுக்கு ஒரு அப்பா, ஒரு கடன், ஒரு முத்தம்.
வாயை மூடின பிறகும்
தமிழ்ப் பேச்சு கொஞ்சம் மீந்து ஓடுகிறது.
டயர் மாற்றும் இடம் பரவாயில்லை:
நாலு டயர், பன்னிரண்டு விநாடி.
காட்டேரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டெப்னி மாட்ட
நாம் ஒரு மழை முழுவதையும் நனைந்து முடித்தோமே.

நான் சொல்ல வந்தது அது இல்லை.
கேலரிக்கும் மேலே, கூரை விளிம்பில்
தொப்பையும் பைனாகுலருமாக ஒருத்தன் நிற்கிறான்.
படம் முழுக்க அவனைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.
ஓட்டுகிறவனைத் தலை திரும்பாதபடி
கட்டிப் போட்டிருக்கிறார்கள்.
பக்கத்தில் யார் என்று அவனுக்குத் தெரியாது.
முன்னால் இரண்டு கார் முட்டிக்கொண்டு ஒரே புகை.
அப்போது கூரைமேல் ஆள் காதுக்குள் சொல்கிறான்:
உள்பக்கம் ஒருத்தன் இருக்கான்.
இன்னும் இருக்கான்.
இன்னும்.
இப்ப இல்ல. போ.
இவன் போகிறான்.
ஒன்றுமே தெரியாத புகைக்குள்
பெடலை மிதித்துக்கொண்டு போகிறான்.

கார்த்திகைக் குளிரில் எனக்குக் கை வேர்த்தது.
திரும்பிப் பார்த்தால், உங்கள் குறட்டை.

அப்புறம் குன்னூர் தாண்டி இறங்கும்போது
பனிமூட்டம் கண்ணாடியில் வந்து அப்பியது.
மண்டியில் முதல் லாரிக்குத்தான் விலை என்று
பின்னால் ஒருத்தன் ஹாரனை நிறுத்தவே இல்லை.
ஏழாவது வளைவில் பாதி ரோடு சரிந்து கிடந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.
நீங்கள் மப்ளரை இறுக்கிக்கொண்டு இறங்கினீர்கள்.
டார்ச் வெளிச்சம் ரெண்டடியிலேயே செத்துப்போனது.
உங்களைக் காணோம், குரல் மட்டும் இருந்தது:
வரட்டும்.
வரட்டும்.
ஒடி. இன்னும் ஒடி.
நில்லு.
இடப்பக்கச் சக்கரத்துக்கு நேர் கீழே
எங்கேயோ பர்லியார் இருந்தது.
வரட்டும்.
பாடியில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு.
ரைட், போலாம்.

மேட்டுப்பாளையத்தில் நாம் ஐந்தாவது லாரி.
கிலோவுக்கு மூணு ரூபாய் இறங்கியிருந்தது.
முதலாளி போனில் கத்தினார்.
நீங்கள் பன்னைத் தேநீரில் நனைத்தபடி
ஹாரன் அடித்தவனின் அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தீர்கள்.
சாயங்காலம் காலிச் சாக்கோடு
மறுபடி கேத்திக்கே ஏற வேண்டும்.
எந்த எண்ணெயைக் கண்டோம் நாம்?

படம் இன்னும் இருபது நிமிஷம் மிச்சம் இருக்கிறது.
ஜெயித்தானா என்று எனக்கும் தெரியாது,
சார்ஜ் தீர்ந்துவிட்டது.
இன்றைக்கு லோடு ஏறும் நேரத்தில் போடுகிறேன்.
ரேஸைப் பார்க்க வேண்டாம், தூங்குங்கள்.
கூரைமேல் ஆள் வரும்போது எழுப்புகிறேன்,
அதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்,
அவன் சரியாகத்தான் சொல்கிறானா என்று.